குறைந்ததை நம்பாத டாக்டரம்மா

எங்கள் வீட்டில் எது குறைந்தாலும் சந்தோஷப்படுவோம். நாங்கள் ஜவுளிக்காரர்கள். ராக்கில் சேலை குறைந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம், குறையாவிட்டால்தான் கவலை. என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் போட்ட கடை அது. காலையில் கடையைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது எந்த ராக் காலியாகியிருக்கிறது என்பதைத்தான். காலியாகக் காலியாக அவர் முகம் மலரும். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததில் எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுக்கு எதிர் ஃபிளாட்டில் இருந்த டாக்டரம்மா இதற்கு நேர்மாறு. எது குறைந்தது என்று யார் சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எங்க போச்சு?" என்று கேட்பார். குரலில் சந்தேகம் இருக்காது, சண்டையும் இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எந்த ஸ்டாப்பில் இறங்கினார் என்று கேட்பது போல இருக்கும். ஆனால் பதில் வரும்வரை கண்ணாடி கீழே இறங்காது.

நாடி பிடித்து மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை அவர். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர். மந்தைவெளியில் சின்னதாக ஒரு லேப் வைத்திருந்தார். சாந்தோம் சர்ச் பங்கைச் சேர்ந்த குடும்பம்; அப்பா அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எனக்கு நாலைந்து வயது இளையவர், என்னை அக்கா என்பார். எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் சேலைதான். லிஃப்டிலிருந்து இறங்கி வரும்போதே மொடமொடவென்று சத்தம் கேட்கும். எங்கள் கடையிலிருந்து நல்ல ஜார்ஜெட் சேலைகளாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறேன். தொட்டுப் பார்த்துவிட்டு, வழுக்கிக்கொண்டு போகிறது அக்கா என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் தரை தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே குஷி. வாட்ச்மேனுக்குத் தானே குடித்துத் தீர்த்தது போலப் பெருமை. "ராவோட ராவா வத்திக்கினு போயிட்ச்சி மேடம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றினார். மோட்டார் போடவில்லை, தெருச் சாக்கடையும் நிரம்பி நிற்கிறது, வெயிலும் இல்லை, அப்படியானால் எங்கே போச்சு என்றார். கடைசியில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் போய்ப் பார்த்தார்கள். அத்தனை தண்ணீரும் அங்கே நின்றுகொண்டிருந்தது. அன்று காலை யாரும் லிஃப்டைத் தொடாதது எங்கள் பூர்வ ஜென்ம புண்ணியம்.

இப்படி ஒன்றிரண்டு தரம் அவர் கேட்டது சரியாகப் போனதால் அவரைச் சும்மா விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாளே கிடையாது. நான் ஒரு வருஷம் விடாமல் பார்க்கில் நடந்து உடம்பை இளைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களெல்லாம் மெச்சிக்கொண்டிருந்த சமயம். இவர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க போச்சு? வாங்க அக்கா, கொஞ்சம் ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார். சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா என்று எல்லாம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நன்றாக இருக்கிறீர்கள் என்று சொன்னார். இந்த மனுஷியிடம் ஒரு நல்ல சேதி சொல்ல முடிகிறதா பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பெரிய காரணம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் அம்மா கல்கல் பலகாரம் செய்து டின்னில் போட்டு வைப்பாராம். வீட்டில் நாலு பிள்ளைகள். டின் பாதியாகிவிட்டது, இனிமேல் விருந்தாளிகளுக்குத்தான் என்று அம்மா கைவிரித்துவிடுவார். மற்ற மூன்றும் நம்பி விளையாடப் போய்விடும். இவர் மட்டும் நாம் தின்றது ஒரு கை, மீதி எங்கே என்று தேடிக்கொண்டு போய், தையல் மெஷினுக்குப் பின்னால் இன்னொரு டின்னைக் கண்டுபிடிப்பாராம். "அப்ப பிடிச்ச பழக்கம் அக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

கடையிலும் அவர் கைவரிசை நடந்தது. தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். புது டிசைன் சேலைகள் இரண்டே நாளில் ராக்கைக் காலி செய்துவிட்டன என்று என் வீட்டுக்காரர் அவரிடம் பெருமையடித்தார். இன்னும் அதே மாதிரி வேண்டும் என்று சூரத்துக்கு போனும் போட்டாகிவிட்டது. எங்க போச்சு என்றார் இவர். வித்துப்போச்சு டாக்டரம்மா, வேற எங்க போகும் என்று அண்ணாச்சி சிரித்தார். தெற்கத்திக் கடைக்காரர் என்பதால் அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சேலை வாங்க வருகிறவர்கள் முப்பது சேலையை விரிக்கச் சொல்லி ஒன்று எடுப்பார்கள். விரித்ததையெல்லாம் மேல்மாடி அறைக்கு அனுப்பி, மடித்து, மறுபடி ராக்குக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வாரம் மடிக்கிற பெண்களில் பாதிப்பேர் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், விற்றுப்போன சேலைகளில் முக்கால்வாசி மடிக்கிற ரூமில் மலையாகக் கிடந்தது. அண்ணாச்சி ஒரு வாரம் டாக்டரம்மா கண்ணில் படாமல் படிக்கட்டு வழியாகவே போய்வந்தார்.

ஆடி மாதத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் தி.நகர் கடைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் அதைக் காய்ச்சல் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தது, வலது விலாவில் குத்தல் வந்தது. எங்கள் குடும்ப டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, நிமோனியா, ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள் என்று நேராகவே சொன்னார். ஆடி முடியட்டும் என்று இவர் பிடிவாதம். கடைசியில் வீட்டிலேயே ஊசி போடுவது, தினமும் ரத்தம் பார்ப்பது, கொஞ்சம் மோசமானாலும் சேர்ந்துவிடுவது என்று பேசி முடித்தோம். ரத்தம் டாக்டரம்மா லேப்பில். முதல் நாள் வெள்ளை அணுக்கள் இருபத்தோராயிரம். பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

மறுநாள் மத்தியானம் போனில் ரிப்போர்ட் வந்தது. என் கொழுந்தன்தான் படித்தான். இரண்டாயிரத்துச் சொச்சம். காய்ச்சலும் காலையிலிருந்து இல்லை, உடம்பு சில்லென்றுகூட இருந்தது. "மருந்து பிடிச்சிருச்சு மதினி" என்று குதித்தவன், ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்காமல் அல்வா வாங்க ஓடினான். நான் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு வந்தேன். இவர் எழுந்து உட்கார்ந்து, சாயங்காலம் ஒரு எட்டு கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சட்டை கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குறைந்தது என்ற ஒரு சொல் போதும் என்று முன்பே சொன்னேன்.

அந்த நேரத்தில் மொடமொடவென்று சத்தம் கேட்டது. இரவு எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்பாத டாக்டரம்மா பட்டப்பகலில் வாசலில் நிற்கிறார். போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை என்றார். போன் கொழுந்தன் பையில் அல்வாக் கடைக்குப் போயிருந்தது; அவன் அப்போதுதான் அல்வாவோடு திரும்பியிருந்தான். நான் பாத்திரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டினேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்று, பிரிக்காத ஒரு பொட்டலத்தை மட்டும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நேரே கட்டில் பக்கம் போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அண்ணாச்சி, நேத்து இருபத்தோராயிரம் இருந்துது. இன்னிக்கு ரெண்டாயிரம். மீதி எங்க போச்சு?"

"வித்துப்போச்சு டாக்டரம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி, முடியாமல் நின்றது. அந்த இரண்டு சொல்லைச் சொல்லவே அவருக்கு நடுவில் ஒரு மூச்சு தேவைப்பட்டதை நான் அப்போதுதான் கவனித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இவருடைய கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொரோனா காலத்தில் நாங்கள் வாங்கிய விரலில் மாட்டும் கருவி ஃப்ரிட்ஜ் மேல் பேட்டரி இல்லாமல் கிடந்தது. டாக்டரம்மா தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து இவர் விரலில் மாட்டினார். எண்பத்தாறு காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது கொரோனா பார்த்த வீடுகளுக்கெல்லாம் தெரியும்.

நின்றுகொண்டே சொன்னார். மருந்து கொல்வது கிருமியை, வெள்ளை அணுவை இல்லை. ஒரே நாளில் இத்தனை அணு காணாமல் போனதற்கு மருந்து காரணமாக இருக்காது. மைக்ராஸ்கோப்பில் மிச்சம் தெரிவதில் பாதிக்கு மேல் பிஞ்சு. முற்றிய சரக்கு தீர்ந்து, எலும்புக்குள்ளிருந்து பழுக்காததைக்கூட உடம்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் இல்லை என்றால் உடம்பில் இல்லை என்று அர்த்தம் இல்லை, எங்கேயோ போய்த் தேங்கியிருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"ஆடி முடியட்டும். பாத்துக்கிடலாம்" என்றார் இவர்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொழுந்தன் அல்வாப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சிலையாக நின்றான். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். அவர் யார் வீட்டுக் கட்டிலிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, ராக் காலியா இருக்கு. மடிக்கிற ரூமைப் போய்ப் பாக்க வேணாமா?"

இவர் செருப்பு எங்கே என்று என்னைக் கேட்டார். குடும்ப டாக்டர் சொல்லி, நான் கெஞ்சி, கொழுந்தன் சண்டை போட்டு நடக்காதது அந்த ஒரு வாக்கியத்தில் நடந்தது. குடும்ப டாக்டருக்கு வழியிலேயே போன் போட்டுச் சொன்னோம். டாக்டரம்மாவின் காரிலேயே பாலத்தைத் தாண்டி அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மீதி எல்லாம் எங்கே போயிருக்கிறது என்று நான் கேட்டேன். முதல் முறையாக அந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டேன்.

நுரையீரலில்தான் என்றார். ரங்கநாதன் தெரு நெரிசல் மாதிரியா டாக்டரம்மா என்றான் கொழுந்தன். அவர் தலையாட்டி மறுத்தார். அங்கே ஆள் அதிகம், அதனால் நெரிசல். இங்கே ஒவ்வொரு ஆளும் விறைத்துப் போனதுதான் சிக்கல் என்றார். என் வளையல் ஒன்றைக் கழற்றச் சொன்னார். நான் கட்டியிருந்தது பழைய ஜார்ஜெட். அதன் முந்தானை நுனியை வளையலுக்குள் விட்டு இழுத்தார். மொத்த அகலமும் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. எங்கள் கடைப் பையன்கள் மோதிரத்துக்குள் ஷிஃபான் சேலையை இழுத்துக் காட்டித்தான் வாடிக்கையாளர்களை மயக்குவார்கள். ஆகவே எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அடுத்துத் தன்னுடைய கஞ்சி போட்ட முந்தானையை விட்டு இழுத்தார். நாலு விரற்கடை போனதும் மடிப்பு மடிப்பாக விறைத்துக்கொண்டு சிக்கி நின்றது.

"நுரையீரல்ல இருக்கற ரத்தக்குழாய் அவ்ளோ மெல்லிசு அக்கா, வெள்ளை அணு அதை விடப் பெருசு. சாதாரண நாள்லயே நெளிஞ்சு நீண்டுதான் அதுக்குள்ள போகணும். கிருமி வந்த சேதி கெடைச்சதும் அது விறைச்சுக்கும். கஞ்சி போட்டா மாதிரி. வளையாது, நுழையாது, அங்கயே மாட்டிக்கும். அப்புறம் சுவத்துல ஒட்டிக்கும்."

உதவிக்கு வந்ததுதானே, நின்றால் என்ன கெடுதல் என்று கேட்டேன். கிருமிக்கு என்று கொண்டுவந்த காரத்தை நின்ற இடத்திலேயே கொட்டிவிடும், குழாய்ச் சுவர் புண்ணாகும், காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கசியும் என்றார். இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தார். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். உண்மையைச் சொல்லும்போது கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

"கஞ்சி இறங்குமா?" என்று கேட்டேன்.

"எறங்கும். கிருமி அடங்கணும், அதுக்கு நேரம் குடுக்கணும். அதுவரைக்கும் அவருக்கு மூச்சு குடுத்துக்கிட்டிருப்பாங்க."

இறங்கிவிடும் என்று அவர் உறுதி சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதற்கடுத்த நாட்களைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆக்சிஜன் முகமூடியோடு இவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலுக்கு நல்லதாம். தொப்பை இடித்துக்கொண்டு நிற்க, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து நாலு பேர் சேர்ந்து திருப்பினார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற நான், இந்த மனிதர் எழுந்து வந்து ஒரு குறையும் சொல்லாமல் நான் அவிக்கிற இட்லியையெல்லாம் தின்னட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளை அணு ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று குறைந்ததற்காக நான் அழுதேன்.

அப்புறம் ஒரு நாள் ஐயாயிரம் என்றார்கள். அடுத்து ஒன்பதாயிரம். அதற்கடுத்த காலையில் பதினாலாயிரம் என்றதும் கொழுந்தன் முகம் விழுந்துவிட்டது. "மறுபடியும் ஏறுதே மதினி" என்றான். எனக்கும் இதில் எதை நம்புவது என்று தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார். உள்ளே போய் அங்கிருந்த டாக்டரிடம் பேசினார். ஆக்சிஜனைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களா, பிஞ்சு போய் முற்றியது வந்திருக்கிறதா என்பதையெல்லாம் கேட்டு, ஆம் என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அன்றைக்கு நான் கொடுத்த அதே அல்வா. பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்திருந்திருக்கிறார்.

"போனவங்க வந்துட்டாங்க அக்கா" என்றார். "இப்ப சாப்பிடலாம்."

நெய் உறைந்து கல்லாக இருந்தது. மூன்று பேரும் விரலால் பிய்த்து, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றித் தின்றோம். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. டாக்டரம்மா இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கித் தின்றார். அவர் அவ்வளவு அல்வாப் பிரியர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

டாக்டரம்மா இப்போது எங்கள் எதிர் ஃபிளாட்டில் இல்லை. லேப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறார். கடையில் எந்த ராக் காலியானாலும், மடிக்கிற ரூமைப் பார்த்தாயா என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் கேட்கிறார். கடைப் பையன்களுக்கு ஏன் என்று தெரியாது. டாக்டரம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி நாற்காலிகூட இல்லை. இவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அந்தச் சாயங்காலம்தான்.

லிஃப்ட் கதவு திறந்ததும் டாக்டரம்மா அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டு போட்டு, மெதுவாக அடியெடுத்து வைத்தார். டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கை மெல்லப் போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. எனக்குத் திக்கென்றது.

"அண்ணாச்சி, தொப்பை எங்க போச்சு?"

இவர் சிரித்தார். இடையில் நிற்காத, முழுச் சிரிப்பு. சிரித்து முடித்து, ஒரே மூச்சில் பதில் சொன்னார்.

"தீபாவளிக்குள்ள வந்துரும் டாக்டரம்மா."